மேல்ரோட்டும் ஏழு கைகளும்

பிருந்தாபனைத் தார்னா ஊரில் தெரியாத ஆள் கிடையாது. தெரியும் என்றால் அவரோடு இருந்து கதைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் காலையில் எழும்பி யன்னலைத் திறந்தால் தெருப்பனி வழித்துக் கிடக்கும். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருவர் லொறியிலிருந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். பதிலுக்கு அவர்களும் கையைத் தூக்குவார்கள். இருபது வருசப் பழக்கம் என்பது அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில், ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் நெருக்குப்பட்டுக் கிடக்கிற சின்ன ஊர் தார்னா. அதன் ஊர்ச்சபையில் அவருக்கு வேலை. கோடையில் புல் வெட்டுவார், குப்பை அள்ளுவார், அடைத்துக்கொண்ட தண்ணீர்க்குழாயைத் திறப்பார். பனி தொடங்கியதும் லொறிக்கு முன்னால் பனி வழிக்கிற பெரிய இரும்புக் கலப்பையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு பனி கரையும்வரை அந்த லொறிதான் அவருக்கு வீடு வாசல். திருகோணமலைக்கு வடக்கே, கடலில் வள்ளம் விட்ட குடும்பத்தில் பிறந்த மனிதர். டாவோஸில் ஒரு ஹோட்டலுக்குக் கோப்பை கழுவ வந்த முதல் வருசமே ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். அந்த ஆளை நம்பித்தான் இப்போது ஒரு ஊர் முழுக்கக் காலையில் வீட்டைவிட்டு இறங்குகிறது.

அவரிடம் ஒரு குணம் உண்டு. நல்ல குணம் என்று ஊர் சொல்லும். அவருடைய மனைவி மனோகரியைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் யாரையும் ஒரு சொல் கேட்கமாட்டார். வழித்து முடித்த தெருவில் தங்கள் முற்றத்துப் பனியைத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். என் வாசலில் ஏன் பனியைக் குவித்தாய் என்று சண்டைக்கு வருகிறவரிடம், குவித்தது காற்றாக இருந்தாலும், "ஓம், மன்னியுங்கோ" என்பார். இது பிறவியில் வந்த குணமில்லை. வந்த புதிதில் அவர் கையில் இருந்தது, தற்காலிகமாக இருக்கலாம் என்கிற, எஃப் என்ற எழுத்துப் போட்ட அட்டை. வருசா வருசம் புதுப்பிப்பார்கள், மனமில்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். அந்த அட்டையோடு பத்துப் பன்னிரண்டு வருசம் இருந்த மனிதனுக்கு யாரோடும் சண்டை பிடித்துக் கொளுவ மனம் வராது. எவன் எங்கே போய் என்ன சொல்லுவானோ என்ற பயம். பிறகு பி வந்தது, நிரந்தரமாக இருக்கலாம் என்கிற சி வந்தது. பயம் மட்டும் பழைய அட்டையோடு சேர்ந்து போகவில்லை.

அதனால்தான் பிரசாவுரிமை வேண்டும் என்று நினைத்தார். கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு உலகம் சுற்றும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. "இருக்கலாம் எண்டு இன்னொருத்தர் சொல்லி நான் இருக்கக்கூடாது, மனோ. அவ்வளவுதான்" என்று ஒரு நாள் மனைவியிடம் சொன்னார். மகள் நிலோஜினி வின்டர்தூர் நகரத்தில் வேலை செய்கிறாள். அங்கேயே விண்ணப்பித்துச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள். "அப்பா, அந்தக் காட்டை விட்டிட்டு இஞ்ச வாங்கோ. இஞ்ச ஒருத்தரும் கை தூக்கிறேல்லை, கடிதம்தான் வரும்" என்பாள். தார்னாவில் வழக்கம் வேறு. ஊரின் பரம்பரைப் பிரசைகள் மண்டபத்தில் கூடுவார்கள். விண்ணப்பித்தவரை முன்னால் இருத்திக் கேள்வி கேட்பார்கள். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். பிருந்தாபனோ கிடைத்தால் இந்த ஊரில்தான் கிடைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாயில்லாத மனிதருக்கு இப்படியும் ஒரு பிடிவாதம்.

மூன்று வருசத்துக்கு முன் ஒருதரம் விண்ணப்பித்துத் தோற்றிருந்தார்கள். அந்தத் தோல்வியை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது. சபைக்கு வருகிற அத்தனை பேரையும் வெறும் வாயோடு அனுப்புவதா என்று மனோகரி இரண்டு நாள் அடுப்படியில் நின்று மீன் ரோல்ஸும் பற்றீஸும் உழுந்து வடையும் சுட்டாள். கூட்டம் தொடங்கமுன் மண்டப வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அழகாக அடுக்கிவைத்தாள். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று எடுத்துச் சாப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இருந்த பிறகுதான் சிலருக்கு உறைத்தது. இன்னும் தீர்மானமே எடுக்கவில்லை, அதற்குள் விருந்தா? இது நன்றிக்கா, விலைக்கா? மேல் குடியிருப்புப் பெய்டர் எழும்பி, எங்கள் ஊரில் முதலில் வாக்கு, பிறகுதான் சாப்பாடு என்றார். நாலு கை வித்தியாசத்தில் போயிற்று. எதிராகத் தூக்கிய கைகளில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் மேலே போனது என்று மனோகரி இன்றைக்கும் சொல்வாள்.

இரண்டாம்முறை அவர்களுடைய விண்ணப்பம் சபைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தா புயல் வரவேண்டும்? வெள்ளிக்கிழமை மழை பெய்தது. தை மாதத்தில், அந்த உயரத்தில், மழை. விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரக்கொப்பு, மதில், வேலிக்கம்பி, ரோட்டு எல்லாவற்றுக்கும் ஐஸ் பூசிவிட்டது. சனிக்கிழமை அதன் மேல் பனி கொட்டியது. பின்னேரம் காற்று எழும்பி, கொட்டிய பனியை ஒரு இடத்தில் இருக்கவிடாமல் துரத்தியது. ஒரு பக்கம் ரோட்டு வெறுமையாக ஐஸ் மினுங்கக் கிடந்தது. இன்னொரு பக்கம் நெஞ்சளவுக்குக் குவிந்தது. மலைரயில் நின்றது. எங்கேயோ மரம் சரிந்து கம்பி அறுந்து ஊரில் மின்சாரமும் போயிற்று. ஞாயிறு காலையிலும் காற்று அடங்கவில்லை.

கூட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஊர்ச்சபைச் செயலாளரோ அசைந்து கொடுக்கவில்லை. அறிவித்தல் கொடுத்தாயிற்று, பின்னேரம் இரண்டு மணிக்குக் கூட்டம், வரக்கூடியவர் வரட்டும் என்றுவிட்டார். ஊருக்குள் இருப்பவர்கள் நடந்தே வந்துவிடலாம். வரமுடியாதவர்கள் யார் என்றால், மேலே பிராசுராவில் இருப்பவர்கள் மட்டும்தான்.

பிராசுரா என்பது மலையில் ஏறுகிற ஒடுங்கிய ரோட்டின் முடிவில், மாடு வளர்க்கிற ஒரே குடும்பத்து ஆட்கள் இருக்கும் நாலைந்து வீடு. பெய்டர், அவர் மனைவி, இரண்டு மகன்மார், இரண்டு மருமக்கள், பெய்டரின் தம்பி. ஏழு பேர், ஏழு கை. போனமுறை ஏழும் எதிராகத்தான் எழும்பின. நாலு கையால் தோற்றவருக்கு ஏழு கையின் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

வேலைத்தளத்தில் அவருக்கு மேலே இருப்பவர் ரேத்தோ. நல்ல மனிதர், போனமுறை பிருந்தாபனுக்காகக் கை தூக்கியவர். ஞாயிறு காலையில் கோப்பியை ஊற்றிக்கொண்டே அன்றைய ஒழுங்கைச் சொன்னார். முதலில் பஸ் ரோட்டு, பிறகு டொக்டர் வீடு, ஸ்டேஷன், முதியோர் இல்லம். கடைசியில் எப்போதும் பிராசுராவுக்கு ஏறுகிற மேல்ரோட்டு.

"மேல்ரோட்டை இண்டைக்கு விடு. மரமும் விழுந்திருக்கும். நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்" என்றார். கோப்பியைப் பார்த்துக்கொண்டு, "ஒருத்தரும் உன்னை ஏன் எண்டு கேக்கமாட்டினம்" என்றும் சொன்னார்.

பிருந்தாபன் வழக்கம்போல ஓம் என்றார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது மனோகரி சின்னக் காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் ஆக்கிவைத்திருந்தாள். இந்தமுறை வடைக்கு உழுந்து ஊறப்போடவில்லை. மண்டபத்துக்குத் தண்ணீர்ப் போத்தல்கூடக் கொண்டுபோகப் போவதில்லை என்று சத்தியம் பண்ணாத குறை. ஆனால் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிவு இருந்தது. அவளுக்கும் செய்தி எட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, மேல்ரோட்டு அடைச்சிட்டுதாமே?"

"ஓம்."

"ரேத்தோ போகவேண்டாம் எண்டவராமே?"

"ஓம்."

"அப்ப பேசாமல் இருங்கோ. கடவுளே பாத்து அடைச்ச ரோட்டு. நாங்கள் ஒரு பாவமும் செய்யேல்லை. அவையளை வீட்டுக்குள்ள பூட்டி வைச்சதும் நாங்களில்லை."

"நீர் சொல்லுறது சரி" என்றார் பிருந்தாபன். வாய்க்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கும் சரியென்றுதான் பட்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போது நிம்மதியாகக்கூட இருந்தது. இவ்வளவு லேசாக ஒரு காரியம் அவர் வாழ்க்கையில் கூடிவந்ததே இல்லை.

அந்த நிம்மதியோடுதான் லொறியை எடுத்தார். தேவாலயத்துக்குப் பின்னால் மேல்ரோட்டு பிரிகிற இடம் வந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நேரே ஸ்டேஷனுக்குப் போய், வழித்த இடத்தையே இன்னொருக்கா வழித்து, சறுக்காமல் இருக்கச் சல்லிக்கல் தூவினார். திரும்பி வரும்போது மறுபடியும் அந்த இடம் வந்தது. இந்தமுறை கண் தானாகப் போயிற்று. ரோட்டு என்று அங்கே ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைச் சரிவு, அதில் ரோட்டின் கரை தெரிய வரிசையாக நட்டிருந்த கம்புகளின் தலைகள், அவ்வளவுதான்.

லொறியை நிறுத்தினார். லொறிக்குள் தனியே இருக்கும்போது பிருந்தாபன் வேறு ஆள் என்பதைச் சொல்லவேண்டும். ஊரில் ஒருவரையும் ஏசாத மனிதர் அங்கே தமிழில் வாய் நிறைய ஏசுவார். அன்றைக்குப் பெய்டரை ஏசினார். புயலை ஏசினார், செயலாளரை ஏசினார், எல்லாரையும் ஏசி முடிந்த பிறகு தன்னை ஏசினார். இருபது குளிர்காலம். காய்ச்சலோடு போயிருக்கிறார், மாமனார் செத்த செய்தி வந்த நாளும் போயிருக்கிறார். பனி விழுந்த ஒரு நாளும் அவர் பிராசுராவுக்கு ஏறாமல் விட்டதில்லை. இன்றைக்கு விட்டால் ஊர் காரணம் கேட்காது. ரேத்தோவும் கேட்கமாட்டார். ஆனால் ஏன் விட்டதென்று பிருந்தாபனுக்குத் தெரியுமே. நாளைக்கு அந்த ரோட்டில் ஏறும்போது தெரியும், அடுத்த வருசமும் தெரியும். அவர்களை அடைத்துவைத்து வாங்கிய பிரசாவுரிமையை வைத்துக்கொண்டு அவர் எப்படி அந்த வீடுகளுக்கு முன்னால் போய் வருவது? இதில் பெருந்தன்மை ஒன்றுமில்லை. பெய்டரின் முகத்தைப் பார்க்கும்போது தான் கூசக்கூடாது என்ற ரோசம்தான்.

தொலைபேசியில் மனோகரியைக் கூப்பிட்டார். "மனோ, மேல போறன்."

அவள் சொன்னாள்: "போங்கோ. போய்த் தேரில ஏத்தி ஏழுபேரையும் கொண்டுவாங்கோ. வாசல்ல நான் கும்பத்தோட நிக்கிறன்."

தொலைபேசி அணைந்தது. அவர் கலப்பையை இறக்கினார்.

முதல் வளைவுவரைக்கும் பனி இலகுவாகப் புரண்டது. அதற்கு மேல்தான் வெள்ளிக்கிழமை மழையின் வேலை தெரிந்தது. கலப்பை பனியைத் தள்ளத் தள்ள, அடியிலிருந்து ஐஸ் எழும்பி மினுங்கியது. சில்லுகளில் சங்கிலி பூட்டியிருந்தும் லொறியின் பின்பக்கம் மெல்லப் பள்ளத்துப் பக்கம் நழுவியது. அவர் பிரேக்கைத் தொடவில்லை. நழுவட்டும் என்று விட்டு, நின்ற பிறகு இறங்கினார். முகத்தில் காற்று அறைந்தது. பின்னாலிருந்து வாளி வாளியாகச் சல்லி அள்ளிச் சில்லுகளுக்கு முன்னால் கையாலேயே தூவினார். ஏறி இருந்து கொஞ்சத் தூரம் எடுத்தார். மறுபடி இறங்கித் தூவினார். அவசரப்படுகிற மனிதருக்கு அந்த ரோட்டு சரிவராது. இரண்டாவது வளைவில் மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. மரவாளால் அறுத்துத் துண்டுகளைக் கரையில் உருட்டினார். இரண்டு மணிக்கு முன் போய்ச் சேரமுடியாமல் போனால் நல்லதுதானே என்று ஒரு எண்ணம் அப்போது வந்தது. வந்ததை மறைப்பானேன்? ஆனால் அந்த எண்ணத்துக்காக அவர் கை வேகம் குறையவில்லை.

மூன்றாவது வளைவில், வைக்கோல் கொட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு ஜீப் நின்றது. மேலேயிருந்து அதுவரை மகன்மார் டிராக்டரால் பாதை பிடித்திருந்தார்கள். அதற்குக் கீழே முடியாமல், டிராக்டரைத் திரும்ப வீட்டில் விட்டுவிட்டு ஜீப்போடு நின்றுவிட்டார்கள். கலப்பைச் சத்தம் கேட்டு எல்லாரும் ஜீப்பை விட்டு இறங்கி, கொட்டில் மறைவில் நின்று அவர் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கை தூக்கிக் காட்டவில்லை. அவரும் காட்டவில்லை. லொறியைத் திருப்பியதும் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். பெய்டர் மட்டும் தன் எழுபது வயது முழங்காலைப் பிடித்துக்கொண்டு லொறிக்குள் ஏறி, பிருந்தாபனுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். மாட்டுக்கொட்டில் வாசமும் ஈரக் கம்பளி வாசமும் சேர்ந்து வந்தன.

கொஞ்சத் தூரம் வந்த பிறகு பெய்டர் வாயைத் திறந்தார். அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன். நம் பேச்சில் போட்டால் இப்படி வரும்.

"நீ வருவாய் எண்டு நான் நினைக்கேல்லை."

"ரோட்டு வழிக்கவேணும்தானே."

"நான் இண்டைக்கும் எதிராத்தான் கை தூக்குவன். உன்ர வண்டியில ஏறி இருந்துகொண்டு அதை ஒளிக்கக்கூடாது. அதுதான் சொல்லுறன்."

"ஓம்."

"என்ன ஓம்?" பெய்டர் முழு உடம்போடும் அவர் பக்கம் திரும்பினார். "இதைத்தான் நான் சொல்லுறது. உனக்கு எதிரா நிக்கிறன் எண்டு முகத்துக்கு நேர சொல்லுறன், நீ ஓம் எண்டுறாய். நீ நல்ல வேலைகாரன். அது வேற, இது வேற. இருபது வருசத்தில எங்களில ஒருத்தரோட ஒருக்கா எண்டாலும் கொளுவி இருக்கிறியோ? நான் என்ர தம்பியோட கொளுவாத கிழமை இல்லை. ஊராள் எண்டால் கொளுவுவான். நீ இஞ்ச விருந்தாளி மாதிரி இருக்கிறாய். ஒரு விருந்தாளியை எப்பிடி ஊராள் எண்டு நான் கை தூக்குவன்?"

பிருந்தாபனுக்குக் காது சூடேறியது. விருந்தாளியாக இருக்க ஆசைப்பட்டவன் யார்? வருசா வருசம் அட்டையை நீட்டிவிட்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் யாரோடு கொளுவுவான்? கொளுவியிருந்தால், அதையே காட்டி இவனைச் சேர்க்கக்கூடாது என்று எழும்பியிருக்கமாட்டார்களா? பதில் தொண்டைவரைக்கும் வந்தது. அடுத்த வளைவும் அதே நேரத்தில் வந்தது. அவர் பதிலை விட்டுவிட்டு வளைவைப் பார்த்தார்.

மண்டபத்தில் மின்சாரம் இல்லாதபடியால் மேசைகளில் மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். கூட்டம் இருக்கைகள் நிறைய வந்திருந்தது. முன்வரிசையில் சேலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு மனோகரி இருந்தாள். கணவருக்குப் பின்னால் ஏழு பேரும் ஒவ்வொருவராக உள்ளே வந்ததைப் பார்த்தாள், எண்ணினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சப்பாத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பிருந்தாபன் போய்ப் பக்கத்தில் இருந்தார்.

கேள்விகள் கனக்க இல்லை. ஏன் பிரசையாக விரும்புகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். போனமுறை மகள் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கிய பதிலைச் சொல்லியிருந்தார். ஜனநாயகம், மலை, ஒழுங்கு என்று அழகான பதில். இந்தமுறை அது நினைவுக்கு வரவில்லை. "நான் இங்கே இருக்கலாம் என்று இன்னொருவர் சொல்லி இருக்க எனக்கு இனி விருப்பமில்லை" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். சொன்னது சரியோ பிழையோ என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

காற்று குறைந்திருந்தது. மண்டபத் தாழ்வாரத்தின் கீழ் இரண்டு பேரும் நின்றார்கள். பிருந்தாபனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. மதிலில் சாய்த்திருந்த, பனி அள்ளுகிற சவலை எடுத்துப் படியை வழிக்கத் தொடங்கினார்.

"அதை வையுங்கோ!" என்றாள் மனோகரி. அழுகைக் குரல். "உள்ளுக்கை எங்கட தலைவிதியை எழுதுகினம், நீங்கள் அவையள் இறங்கிறதுக்குப் படி வழிக்கிறியள். என்ன பிறவியப்பா நீங்கள்?"

அவர் சவலை வைத்தார். பக்கத்தில் போய் நின்றார். அவளுடைய கை ஐஸாகக் குளிர்ந்துகிடந்தது. "மனோ, எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றார். திருமணம் முடித்து முப்பது வருசத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. கோபமெல்லாம் எங்கேயோ போயிற்று. அவருடைய கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ரேத்தோ வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மூன்று கை வித்தியாசத்தில் அவர்களை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இனி மாநிலத்திலும் தலைநகர் பேர்னிலும் கையெழுத்துப் போடவேண்டும். அது மெல்ல நடக்கும். கடினமான வாசல் இதுதான், இதைத் தாண்டியாயிற்று. பெய்டர் சொன்ன சொல் தவறாமல் எதிராகத்தான் கையைத் தூக்கினாராம். அதில் வேடிக்கை, பக்கத்தில் இருந்த அவர் மனைவியும் மூத்த மருமகளும் ஆதரவாகத் தூக்கினார்களாம். பிருந்தாபன் மேலுள்ள மதிப்பாலோ, நாற்பது வருசமாகப் பெய்டருக்கு மாறாக ஒன்று செய்யச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்ததாலோ, அது அந்த அம்மாவுக்குத்தான் வெளிச்சம். மனோகரி ரேத்தோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிருந்தாபனுக்கு அழுகை வரவில்லை. நல்ல பசி எடுத்தது. சந்தோசம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தார்.

மண்டபத்துக்குள் வைன் போத்தல்களைத் திறந்து, பாணும் சீஸும் வெட்டி வைத்தார்கள். ஆட்கள் வந்து கை குலுக்கினார்கள். எதிராகத் தூக்கியவர்களும் வந்து குலுக்கினார்கள். அந்த ஊரில் அது வழக்கம். கொஞ்ச நேரத்தில் பெய்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பால் கறக்கிற நேரமாகுது. ரோட்டைக் காத்து திரும்பவும் மூடியிருக்கும். எங்களை ஆர் மேல கொண்டுபோறது?"

வேறு யார் இருக்கிறார்கள்? பிருந்தாபன் கடித்துக்கொண்டிருந்த பாணை வைத்துவிட்டு லொறித் திறப்பை எடுத்தார். மனோகரி பார்த்தாள், இந்தமுறை சிரித்தாள்.

ஏறுவது இரண்டாம்தரம் சுகமாக இருந்தது. தூவிய சல்லி ஐஸைப் பிடித்திருந்தது. புதிதாக மூடிய பனி கலப்பைக்கு முன்னால் சத்தமில்லாமல் விலகியது. பின்னால் ஜீப் விளக்குகள் வந்தன. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பெய்டர் பக்கத்தில் இருந்தார். மூன்றாவது வளைவையும் தாண்டிக் குடியிருப்புக்குள் போனார்கள்.

பெய்டரின் வீட்டு வாசலில் எரு ஏற்றுகிற பெட்டிவண்டி ஒன்று நிற்கும். முற்றம் ஒரு பக்கம் காலியாகக் கிடக்க, அதன் பின்பாதி ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அது இல்லாத குளிர்காலம் கிடையாது. அந்த இடத்தில் பிருந்தாபன் லொறியைப் பள்ளத்து விளிம்புவரைக்கும் பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு விட்டு, மறுபடி பின்னுக்கு எடுத்துத்தான் அப்பால் போவார். ஒருமுறை பின்சில்லு விளிம்பைத் தாண்டித் தொங்கியது. அன்றைக்கும் சிரித்துக் கையைக் காட்டிவிட்டுத்தான் போனார்.

இன்றைக்கும் வண்டி அங்கேதான் நின்றது. கை பழக்கத்தில் பின்கியரைப் போடப் போயிற்று. போன கையை எடுத்தார். லொறியை அப்படியே நடுரோட்டில் நிறுத்தினார்.

"பெய்டர், இந்த வண்டி ஏன் ரோட்டில நிக்குது?"

பெய்டர் விளங்காமல் பார்த்தார். "அது எப்பவும் அங்கதானே நிக்கிறது."

"அதைத்தான் கேக்கிறன். ஏன் நிக்குது?" தன் குரல் உயர்ந்ததைப் பிருந்தாபன் கேட்டார், அதைத் தாழ்த்தவேண்டும் என்று தோன்றவில்லை. "இவ்வளவு பெரிய முற்றம் உங்களுக்குக் கிடக்கு. வண்டியை ரோட்டில விட்டிட்டு நீங்கள் உள்ளுக்கை படுத்திருப்பியள், நான் ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு அந்த விளிம்பில நிண்டு திருப்பிறன். போன வருசம் பின்சில்லு பள்ளத்துக்குள்ள போட்டுது, தெரியுமோ உங்களுக்கு? இது உங்கட முற்றமில்லை. எங்கட ரோட்டு. வண்டியை எடுங்கோ. நாளைக்கில்லை, இப்ப."

பின்னால் ஜீப்பிலிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்கள். பெய்டர் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருசத்தில் அப்படி ஒருவரை அந்த ஆசனத்தில் அவர் கண்டதில்லை. கடைசியில் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"இதை நீ போன வருசமே சொல்லியிருந்தால், இண்டைக்கு நான் உனக்குக் கை தூக்கியிருப்பன்."

மன்னியுங்கோ என்ற சொல் பழக்கதோசத்தில் பிருந்தாபனின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டார்.

"இனி அது தேவையில்லை. வண்டியை எடுங்கோ."

பெய்டர் இறங்கி மகனைக் கூப்பிட்டார். டிராக்டர் இரண்டு மூன்றுதரம் இருமிவிட்டு இயங்கியது. பெட்டிவண்டி மெல்ல முற்றத்துக்குள் போய்ச் சேரும்வரைக்கும் பிருந்தாபன் விளக்கைப் போட்டபடி நடுரோட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். பிறகு கலப்பையை இறக்கி, மிச்ச ரோட்டை நேரே வழித்துக்கொண்டு போனார்.